வெளிக்காட்டு மருந்து

டிரெசர் திருநாவுக்கரசு மருந்துப் பாடம் நடத்த ஆரம்பித்தால் பக்கத்து வார்டில் படுத்திருக்கும் காய்ச்சல்காரனுக்குக்கூடத் தூக்கம் கலைந்துவிடும். அப்படி ஒரு குரல். மற்ற நேரங்களில் அந்த மனிதருக்குக் குரல் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. 'ம்', 'நாக்கை நீட்டு', 'அடுத்த ஆள்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் பெஞ்சில் நாலு பையன்கள் வந்து உட்கார்ந்தால் மட்டும் ஆளே மாறிப்போவார். கையை ஆட்டுவார், சிரிப்பார், கோபித்துக்கொள்வார், சாக்கட்டியை உடைப்பார்.

மலாய் நாட்டில் மம்பாவைத் தாண்டி லுக்குட் போகிற வழியில் செம்மண் சடக்குப் பாதையில் உள்ளே திரும்பினால் ஜெராம் ரப்பர்த் தோட்டம். சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஓர் ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, கொஞ்சம் கட்டில்கள், மருந்து கலக்கும் அறை, அவ்வளவுதான். வெள்ளைக்கார டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவை காரில் வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார். மற்ற நாளெல்லாம் திருநாவுக்கரசுதான். கட்டுப் போடுவது, ஊசி போடுவது, மருந்து கலப்பது, பிரசவம் சிக்கலானால் ஓடுவது, எல்லாம் சேர்ந்த வேலைக்கு டிரெசர் என்று பெயர். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர்கள்தான் பெஞ்சில் உட்கார்ந்த நாலு பையன்கள். சர்க்கார் பரீட்சையில் தேறினால் அவர்களும் டிரெசர்.

திருநாவுக்கரசு டாக்டராகியிருக்க வேண்டியவர். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவரைச் சிங்கப்பூருக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார். மருந்தியல் பாடம் ஆரம்பித்த வருஷம் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறேன் என்று சண்டைக்குக் கொஞ்சம் முன்னால் கப்பலேறிய மனைவி வள்ளிநாயகி முசிறியிலேயே மாட்டிக்கொண்டாள். சண்டை முடிந்து கடல் திறந்ததும் முதலில் வந்த சேதி, அவளும் குழந்தையும் காலராவில் போய் மூன்று வருஷமாகிவிட்டது என்பது. மூன்று வருஷமாக இல்லாத பெண்டாட்டிக்காக இந்த மனுஷன் சட்டி பானை வாங்கிச் சேர்த்துவைத்திருந்தார், பாவி மனுஷன். அப்புறம் படிப்பாவது ஒன்றாவது? ஜெராமில் டிரெசர் வேலை கிடைத்தது, வந்து சேர்ந்தார். முப்பத்து நாலு வயதில் ஐம்பது வயதுக்காரர் மாதிரி நடந்துபோவார்.

டிரெசர் பங்களாவில் ஈ காக்கை கிடையாது. லயம் என்கிற வரிசை வீட்டுச் சனங்கள் அவர் பக்கம் வந்து உட்காரமாட்டார்கள், அவர் உத்தியோகஸ்தர், ஸ்டாஃப். ஆபீஸ் கிராணிமார் சீட்டாடக் கூப்பிடமாட்டார்கள், அவர் மேலே காய்ச்சல்காரன் வாடை. யாரும் அவரிடம் கெட்டவராக நடக்கவில்லை. யாரும் அவரிடம் வரவில்லை, அதுதான் விஷயம். மிச்சம் இருந்தது அந்தப் பெஞ்சும், பாதியில் நின்றுபோன அந்தப் பாடமும்.

"டேய் தம்பிகளா, மருந்து பாட்டில்ல இருக்கிறப்ப வெறும் சாமான்டா. ஒடம்புக்குள்ள போனாத்தான் மருந்து. அதனால என்னா வியாதி, எவ்வளவு கொடுக்கிறதெல்லாம் ரெண்டாவது கேள்வி. மொதல் கேள்வி என்னா?"

"உள்ள போச்சா சார்?"

"ஆங்! உள்ள போச்சா?"

மலேரியாக் காய்ச்சலுக்கு அப்போது மஞ்சள் மாத்திரை. வேப்பெண்ணெய் தேவலை என்கிற கசப்பு. வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புரட்டும், தொடர்ந்து போட்டால் தோலே மஞ்சளாகும். சனங்கள் என்ன லேசுப்பட்டவர்களா? வாயில் போட்டுத் தண்ணீரும் குடித்துவிட்டு, மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, கொட்டகையைத் தாண்டினதும் துப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கோழிகள் எல்லாம் மஞ்சளாக எச்சமிடுகின்றன என்று கேலி பேசினார்கள். அதற்குத் திருநாவுக்கரசு ஒரு வழி கண்டுபிடித்தார். விழுங்கின உடனே 'பேர் சொல்லு' என்பார். நாக்குக்கு அடியில் மாத்திரை இருந்தால் பேர் கொழகொழவென்று வரும். மாரியம்மா 'மாழியம்மா' ஆவாள். உடனே 'வாயைத் திற!' ஆணோ பெண்ணோ, கங்காணியோ கைப்பிள்ளையோ, அவர் முன்னால் மாத்திரை விழுங்கினவர்கள் பேர் சொல்லாமல் நகர முடியாது.

இதைப் பாடத்தில் சொன்னபோது அர்ச்சுனன் என்ற பையன், "சார் பேரை வெச்சே எல்லாரையும் டெஸ்ட் பண்ணலாம் லா சார். திருநாவுக்கரசு! நாக்குக்கு அடியில கடுகு இருந்தாக்கூட சொல்ல முடியாது" என்றான். பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. அவரும் சிரித்தார். பங்களாவுக்கு நடந்துபோகும்போது அந்தப் பேரை ஒருதரம் தன் வாயால் சொல்லிப் பார்த்தார். தோட்டம் முழுக்க அவர் 'டிரெசர் ஐயா'. பையன்களுக்கு 'சார்'. வள்ளிநாயகி புருஷன் பேரைச் சொல்கிற வழக்கமில்லாதவள், 'இந்தாங்க' என்பாள். பேர் சொல்லிக் கூப்பிட்டவர் அப்பா ஒருவர்தான். ஒரு நாளைக்கு ஊரில் இருக்கிற பேரையெல்லாம் கேட்கிற மனுஷனின் பேரைச் சொல்ல ஆளில்லை. 

அது வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள்ளே துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள், வெளியே துப்பாக்கியோடு பட்டாளம், நடுவில் நம் சனம். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, விடிந்ததும் கேட்டைத் திறந்து, ஆள் ஆளாய்ச் சோதித்து வேலைக்கு விட்டார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது, காட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். கறுப்புக் கோப்பியை ஊற்றிக்கொண்டு வெறும் வயிற்றோடு போகிறவர்களுக்கு மஞ்சள் மாத்திரையைக் கொடுத்தால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலேயே வாந்திதான். பத்து மணிக்கு ஒரு வாளி இனிப்புத் தேத்தண்ணி மட்டும் வேலை செய்கிற இடத்துக்குப் போகலாம் என்று துரை அனுமதி வாங்கியிருந்தார். திருநாவுக்கரசு அதைப் பிடித்துக்கொண்டார். புல் வெட்டும் பெண்களுக்கான மாத்திரையை ஒரு டப்பாவில் போட்டுச் மேஸ்திரியான சன்னாசி மண்டோரிடம் கொடுத்து, "தேத்தண்ணியோட வாயில போடு, கையில குடுக்காத, பேர் சொல்லச் சொல்லு" என்று பாடம் ஒப்பிக்கவைத்து அனுப்புவார். காய்ச்சல் குறைந்தது. புல்வெட்டுக்காரி பஞ்சாலை, "மஞ்சப் பூசாமலே மினுக்குறோம்ங்க ஐயா" என்று வந்து சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தையை அவர் ஒரு வாரம் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாலு பேரில் கெட்டிக்காரன் தங்கராஜு. சிரம்பானில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பையன். தோட்டத்தில் காலே வைத்திராதவன். ஆனால் ஒரு மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று அவன் கேட்கிற கேள்விகளில் திருநாவுக்கரசுக்குச் சிங்கப்பூர் ஞாபகம் வரும். அவன் இருந்தால் பாடம் ஒருபடி மேலே போகும். ஒரு வெள்ளிக்கிழமை அவன் பெஞ்சில் உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தான்.

"சார், போலீஸ்ல தமிழ் இன்டர்பிரிட்டர் எடுக்கறாங்க. சம்பளம் ஜாஸ்தி. அப்பா சேரச் சொல்றாரு."

"போ" என்றார் திருநாவுக்கரசு.  அன்றைக்குப் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒரு பையன் வேறு வேலைக்குப் போனால் போகிறான் என்று விடத் தெரியவில்லை அந்த மனிதருக்கு. இரண்டு வேளை சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த வினை. பட்டாளத்துக்காரர்கள் மலையடிவாரத்தில், காட்டுக்குள் ஒரு குடிசையைக் கண்டுபிடித்தார்கள். ஆள் இல்லை. ஒரு டப்பா நிறைய மஞ்சள் மாத்திரை இருந்தது. எந்தத் தோட்டத்திலும் அதே மாத்திரைதான், எங்கிருந்து போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் போலீஸ் ஒவ்வொரு தோட்டமாக விசாரித்துக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜீப் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது, திருநாவுக்கரசு கையில் சாக்கட்டியோடு கொய்னா மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். காதில் இரைச்சல் கேட்டால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம் என்கிற இடம். அதிகாரி பேரைக் கேட்டு, தலையசைத்து, வண்டியில் ஏறச் சொன்னான். திருநாவுக்கரசு சாக்கட்டியை மேசைமேல் வைத்து, "செவ்வாய்க்கிழமை இதிலேர்ந்து பாக்கலாம்" என்று பெஞ்சைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறினார்.

டவுன் லாக்கப்பில் விசாரணை இங்கிலீஷில் நடந்தது. அவருக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு? மடமடவென்று பதில் சொன்னார்.

"நீ ஜங்கிளுக்கு மருந்து அனுப்பினாயா?"

"ஒருநாளும் இல்லை."

"மண்டோர் கையில் மாத்திரை கொடுத்துவிடுவாயா?"

"புல் வெட்டுகிற பெண்களுக்கு."

"அதை நான் கேட்கவில்லை. ஜங்கிளுக்கு?"

"இல்லை என்கிறேனே."

அதிகாரி காகிதத்தைப் புரட்டினான். "உன் தோட்டத்துப் பெண்களே சொல்லியிருக்கிறார்கள். டிரெசர் தவறாமல் ஜங்கிளுக்கு மருந்து அனுப்புகிறார் என்று. முதலில் சொன்னவள் பஞ்சாலை என்கிற பெண். கைநாட்டு வைத்திருக்கிறாள்."

திருநாவுக்கரசு காகிதத்திலிருந்த கைநாட்டைப் பார்த்தார். பஞ்சாலையா? காய்ச்சல் மூளைக்கு ஏறி அவள் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து இவர் ஈரத்துணி மாற்றிய அந்தப் பஞ்சாலையா? இப்படி ஒரு பொய்யை ஏன் சொன்னாள்? ஒருத்தி இல்லையாமே, எல்லோருமாமே!

"நீ எங்கே பிறந்தாய்?" என்று கேட்டான் அதிகாரி.

"முசிறி. திருச்சிராப்பள்ளி ஜில்லா. இரண்டு வயதில் இங்கே வந்துவிட்டேன்."

"அப்படியென்றால் கப்பல்" என்றான். அந்தக் காலச் சட்டம் அப்படி. சந்தேகம் விழுந்தால் கோர்ட்டு கச்சேரி கிடையாது. இங்கே பிறக்காதவனாக இருந்தால் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள். தூக்குக் கயிறுகூட இல்லை, வெறும் கப்பல்தானே என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். திருநாவுக்கரசு மனசுக்குள் கணக்குப் போட்டார். நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் நடப்பது? யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? முசிறியில் இரண்டு சமாதிகள் எந்த இடத்தில் என்றுகூட அவருக்குத் தெரியாது. இந்த மண்ணில் ஒரு பெஞ்சாவது இருந்தது.

லாக்கப்பில் மற்றவர்களுக்குச் சோறு வந்தது. பெண்டாட்டிமார், அக்கா தங்கைமார் வாசலில் தூக்குச்சட்டியோடு காத்துக் கிடந்தார்கள். காவலுக்கு இருந்த மலாய்க்காரர் நல்ல மனிதர். "உனக்கு யாரும் வரவில்லையா?" என்று மலாயில் விசாரித்தார். திருநாவுக்கரசு தலையாட்டினார். மறுநாளும் விசாரித்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

செவ்வாய் வந்தது. மத்தியானம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் தன்னை அறியாமல் ஆரம்பித்துவிட்டார். "காதில இரைச்சல் கேட்டா அளவு கூடிப்போச்சுன்னு அர்த்தம்டா தம்பிகளா." மூலையில் படுத்திருந்த ஒரு லாரி டிரைவர் எழுந்து உட்கார்ந்து பயந்துபோய்ப் பார்த்தான். திருநாவுக்கரசு நிறுத்திக்கொண்டார். வெட்கமாக இருந்தது. ஜெராமில் எத்தனை பேர், எத்தனை நாள், ஒவ்வொருத்தராய் அவர் முன்னால் நின்று பேர் சொல்லியிருப்பார்கள்! அத்தனை பேரும் சேர்ந்து இப்படிச் செய்துவிட்டார்களே என்பது கப்பலைவிட அதிகமாக வலித்தது. நான் அவர்களுக்கு என்ன குறை வைத்தேன் என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

கொஞ்ச நாளில் அவருக்கே குளிர் கண்டது. பல் கிட்டியது, போர்வை போதவில்லை, பிறகு நெருப்பாய்க் கொதித்தது. என்ன காய்ச்சல் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாத்திரை கேட்டார். நாளைக்கு டிரெசர் வருவார் என்றார்கள். 'டிரெசர் வருவார்' என்றதைக் கேட்டுக் காய்ச்சலிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் மத்தியானம் மலாய்க்காரர் கதவைத் திறந்துவிட்டார். வந்தது டிரெசர் இல்லை, தங்கராஜு. சாதாரணச் சட்டை போட்டிருந்தான், கையில் தகரக் குவளை. உள்ளே வந்தவன் பக்கத்தில் வராமல் கதவோரமே நின்றான்.

"சார், பஞ்சாலை சொன்னதை மொழிபெயர்த்தது நான்தான்."

திருநாவுக்கரசு கண்ணைத் திறந்து பார்த்தார். 

"டிரெசர் ஐயா வெளிக்காட்டுக்கு மருந்து குடுத்து வுடுவாருன்னு சொன்னாங்க சார். வெளிக்காடுன்னா வெளிய இருக்கிற காடுன்னு நெனச்சேன். ஜங்கிள்னு சொல்லிட்டேன். ஒவ்வொருத்தரும் அதையேதான் சொன்னாங்க. ஒவ்வொருத்தருக்கும் நான் ஜங்கிள்னே சொன்னேன்."

நேற்றுக் காலை ஏதோ புது உத்தரவைப் படித்துச் சொல்ல அவனை ஜெராம் பெரட்டுக்களத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். இருட்டில் சன்னாசி மண்டோர், "மரம் சீவுறவங்க இந்தப் பக்கம், வெளிக்காடு அந்தப் பக்கம்" என்று கத்தியிருக்கிறான். பெண்கள் கூட்டமாக அந்தப் பக்கம் போய் நின்றார்கள். தங்கராஜுவுக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. பஞ்சாலையைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"அக்கா, வெளிக்காடுன்னா எங்க இருக்கு?"

"என்னா தம்பி இப்படிக் கேக்குற? எடமா அது? வேலை தம்பி. மரம் சீவாம புல்லு வெட்டுறது, தண்ணி ஓடுற காண் வெட்டுறது எல்லாம் வெளிக்காட்டு வேலை. இந்தா, வேலிக்கு அந்தாண்ட நம்ம தோட்டத்து மரத்துக்கு அடியிலதான்."

"அப்ப அவங்க இருக்கிற காடு?"

"அது பெரிய காடு லா. அங்க எவ போவா, புலிக்கு வாக்கப்படவா?" என்று சிரித்தவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாளாம். "ஐயாவ எப்பத் தம்பி வுடுவாங்க? நான் அவரப் பத்தி அவ்வளவு நல்லது சொன்னேனே. வெள்ளைக்காரர் எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரே. அப்படியும் வுடலையா?"

தங்கராஜு இதைச் சொல்லி முடித்ததும் திருநாவுக்கரசு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை, விடுதலையைப் பற்றிக் கேட்கவில்லை.

"பஞ்சாலை என்னா சொன்னா? திருப்பிச் சொல்லு."

"அவ்வளவு நல்லது சொன்னேனேன்னு கேட்டாங்க சார்."

"அதுக்கு முன்னால. அன்னிக்கு, விசாரணையில. அவ சொன்ன மாதிரியே சொல்லு."

தங்கராஜு கண்ணை மூடி ஞாபகப்படுத்திக்கொண்டான். "ஐயா தங்கமானவரு. நாங்க ஆஸ்பத்திரிக்கு வரலன்னாலும் வெளிக்காட்டுக்கு மருந்து குடுத்து வுட்டுடுவாரு. எங்க பேரெல்லாம் அவருக்குத் தெரியும்."

அதிகாரியிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டானாம். அதிகாரி மேசையில் ஓங்கிக் குத்தி, வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டான். ஆனால் பஞ்சாலையையும் சன்னாசியையும் வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்துத் திரும்ப விசாரித்து, கடைசியில் விடுதலைக் காகிதத்துக்கு எழுதிவிட்டான். நாளையோ மறுநாளோ வந்துவிடும்.

அப்படியே வந்தது. திருநாவுக்கரசு கப்பலேறவில்லை. ஜெராமுக்குத் திரும்பி, சுதந்திரம் வந்து தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கிற காலம் வரைக்கும் அதே பங்களாவில் தனியாக இருந்து, அதே அறையில் பாடம் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிராணிமார் கடைசிவரை சீட்டாடக் கூப்பிடவில்லை. டவுன் பையன் யார் சேர்ந்தாலும் முதல் வாரம் அவனுக்கு மருந்துப் பாடம் கிடையாது, விடியலில் பெரட்டுக்களத்தில் போய்க் காதைக் கொடுத்து நிற்க வேண்டும். அப்படி நின்றவர்களில் முதல் ஆள் தங்கராஜு. பரீட்சை தேறி, செண்டாயான் பக்கம் ஒரு தோட்டத்தில் டிரெசரானான்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்த மத்தியானம் லாக்கப்பில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தங்கராஜு சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். மஞ்சள் மாத்திரை. குவளையில் இனிப்புத் தேத்தண்ணி.

திருநாவுக்கரசு கையை நீட்டினார். தங்கராஜு கொடுக்கவில்லை.

"கையில குடுக்கக் கூடாது சார்."

அவர் வாயைத் திறந்தார். மாத்திரையை உள்ளே போட்டு, குவளையை உதட்டில் வைத்துச் சாய்த்தான். அவர் விழுங்கினார். கசப்பில் முகம் சுருங்கியது.

"பேர் சொல்லுங்க சார்."

திருநாவுக்கரசு அவனைப் பார்த்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். அப்பா போன பிறகு ஒருவர் கேட்டு, அவர் பதிலுக்குத் தன் பேரைச் சொல்வது இதுதான் முதல் தடவை. அதிகாரிகள் காகிதத்துக்குக் கேட்டது கணக்கில் வராது.

"திழு..." என்று ஆரம்பித்தார். வரவில்லை. மறுபடி முயன்றார். "திழுநா... திழு..."

தங்கராஜு முகம் மாறியது. படித்த பாடம் அப்படியே ஞாபகம் இருந்தது பையனுக்கு. குனிந்து, "வாயைத் திறங்க சார்" என்றான்.

அவர் திறந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து வாய் ஓரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தங்கராஜு வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்தான். நாக்குக்கு அடியில் மாத்திரை இல்லை.